கிடங்கு மூடும் உற்சாகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி தேவலையா? சிகாகோவில் நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

எங்கள் ஆபீஸில் எந்த அறிவிப்பையும் 'எக்ஸைட்டட்' என்றுதான் தொடங்க வேண்டும். புது காபி மெஷின் வந்தாலும் அப்படித்தான். போன வாரம் ஒரு கிடங்கை மூடுவதை அறிவிக்கச் சொன்னார்கள். 'வருத்தத்துடன்' என்று தொடங்கினேன். மேனேஜர் டென்னிஸ் சிரித்தார்.

"யாராவது செத்துட்டாங்களாம்மா? எக்ஸைட்டட்னு போடு."

போட்டேன். அது நீங்கள் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கும் கிடங்கு என்று தெரிந்தேதான் போட்டேன். அந்த அறிவிப்பைக் கிடங்குக் கதவில் ஒட்டியிருப்பார்கள். எழுதியவனை நீங்கள் திட்டியிருப்பீர்கள். அது நான்தான் அப்பா.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் பழைய கம்பளிக் கோட்டை அனுப்புங்கள். கோட்டுப் பையில் ஒரு வரி எழுதி வையுங்கள். திட்டாக இருந்தாலும் சரி.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
லொரேன்