இடது பட்டன்

அண்ணனுக்குத் தம்பி எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உன் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே உங்கள் கம்பெனி கேம், புதுக் கன்ட்ரோலர், பத்துக் கேள்விகள் அச்சடித்த ஒரு தாள். கூடவே நீ கைப்பட எழுதிய சீட்டு: ‘சும்மாதானே வீட்ல இருக்க, விளையாடிப் பார்த்துட்டு உன் கருத்த எழுதுடா. உன்ன மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்றவன் இங்க ஒருத்தனும் இல்ல.’

போனில் நான் உன்னிடம் கேட்டது ஒரு பக்கக் கடிதம். நீ அனுப்பியது ஒரு கேம். சரி, கருத்துத்தானே வேண்டும்? வாங்கிக்கொள்.

முதல் இருபது நிமிடம் நான் விளையாடவே இல்லை. அரசன் பேசுகிறான். மந்திரி பேசுகிறான். கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைகூட இரண்டு நிமிடம் பேசுகிறது. தாண்டிப் போக ஒரு பட்டன் இல்லை. காசு கொடுத்துக் கேம் வாங்குகிறவன் பிரசங்கம் கேட்கவா வருகிறான்? பிறகு, ‘நடக்க, கன்ட்ரோலரின் குச்சியை முன்னால் தள்ளவும்’ என்று பாடம். பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குட்டி, யாரும் சொல்லாமலே தள்ளினாள்.

குதிப்பதற்கும் உருள்வதற்கும் ஒரே பட்டன் வைத்தது யார்? தட்டினால் குதிக்கிறான், கொஞ்சம் அழுத்தினால் உருள்கிறான். பள்ளத்தின் விளிம்பில் நிற்கிற மனிதன் பட்டனைத் தட்டுவானா, பயத்தில் அழுத்துவானா? பதினோரு முறை உருண்டு பள்ளத்தில் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் ‘மீண்டும் முயற்சி செய், வீரனே’ என்று எழுத்து வருகிறது. வீரனாம். செருப்பால் அடித்தது போல இருந்தது.

நம் தெருமுனை கேம் பார்லர் உனக்கு நினைவிருக்கும். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நீதான் எனக்குச் சொன்னாய்: ‘செத்தா அது நம்ம தப்பா இருக்கணும்டா. மெஷின் தப்பால சாகடிச்சா அது கேமே இல்ல, மோசடி.’ எனக்கு அப்போது பத்து வயது. அதை நம்பித்தான் இன்றுவரை எல்லாக் கேமையும் எடை போடுகிறேன். உன்னுடையது மோசடி.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். தண்ணீருக்குள் நீந்தும் லெவல் பிரமாதம். குச்சியை விட்ட பிறகும் அந்த உடம்பு கொஞ்ச தூரம் மிதந்து போய்த்தான் நிற்கிறது. அது உன் வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது.

மூன்றாவது லெவலில் ஒரு கயிறு. இடது கை ஆள்காட்டி விரலால் மேல் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு, நடுவிரலால் கீழ்ப் பட்டனைத் தட்டித் தட்டி ஏற வேண்டும். எனக்கு அந்த இரண்டு விரல்களும் நடுக்கணுவுக்கு மேலே இல்லை. இதைப் போனில் சொன்னேன். நீயும் ‘ஐயோ’ என்றாய். ஐயோ என்ற வாயோடு இந்தப் பார்சலைக் கட்டியிருக்கிறாய்.

மோதிர விரலால் அழுத்திப் பார்த்தேன், கன்ட்ரோலர் நழுவியது. முழங்காலில் வைத்து அமுக்கினேன். கடைசியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த மேல் பட்டனைப் பிடித்துக்கொண்டார். ‘விடட்டுமா? இப்ப விடட்டுமா?’ என்று மூச்சுக்கு மூச்சு கேட்டார். பாதிக் கயிற்றில் விட்டும்விட்டார். செத்தேன். ‘நான் என்னடா பண்ணேன், நீதானே தலைய ஆட்டுன’ என்று எனக்கே திட்டு விழுந்தது. அப்புறம் அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பட்டனை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று கேமின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினேன். வெளிச்சம் மாற்றலாம், ஒலி மாற்றலாம். அந்த வீரனின் தலைமுடிக்குப் பதினாறு நிறம் இருக்கிறது. பதினாறு நிற மயிர் வைத்த கம்பெனிக்கு ஒரு பட்டனை இடம் மாற்ற வழி வைக்கத் தோன்றவில்லை. உன் ஏழாவது கேள்வி: ‘கட்டுப்பாடுகள் கைக்கு இயல்பாக இருந்தனவா?’ யார் கைக்கு அண்ணா?

இன்னொரு மெஷினின் கன்ட்ரோல் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு. உன் தாளில் அதைக் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நாம் வேலை பார்த்த பட்டறையின் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் இரண்டு பச்சைப் பட்டன்கள். ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு அச்சு இறங்கும். அதாவது, இரண்டு கையும் வெளியே இருந்தால் மட்டுமே அது தகட்டை வெட்டும். அதைச் செய்தவன் யாரோ, உன் கம்பெனியில் இருக்கிற அத்தனை பேரையும்விட அறிவாளி. உழைக்கிறவன் களைத்துப்போவான், பழக்கத்தில் கை போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உனக்கும் தெரிந்திருந்தது. பார்லரில் மடித்த பஸ் டிக்கெட்டைச் செருகி, துப்பாக்கி சுடும் பட்டன் தானாக அழுந்தியே இருக்கும்படி செய்து ‘டர்போ’ என்று பெயர் வாங்கியவன் நீ. அதே மூளையோடு பட்டறைக்கு வந்தாய். பார்சல் பெட்டிப் பலகையில் ஒரு கட்டை சீவி, பிரஸ்ஸின் இடது பட்டனில் செருகினாய். இடது கை தகடு வைக்க, வலது கை மட்டும் அழுத்த, வேலை ஒன்றரை மடங்கு ஓடியது. சூப்பர்வைசர் உன் முதுகில் தட்டினார். ஒரே வாரத்தில் ஆறு மெஷினுக்கும் கட்டை வந்தது. நீ படிப்பு, டிசைன் என்று ஊரைவிட்டுப் போன பிறகும் ஷிப்ட் தொடங்கும்போது அவர் கேட்பார்: ‘என்னப்பா, எல்லாரும் டர்போ போட்டாச்சா?’

நான் உத்தமன் என்று சொல்லவில்லை. உன் மெஷினில்தான் உட்கார்ந்தேன், தினமும் நானேதான் கட்டையைச் செருகினேன். அன்றைக்குத் தகடு கோணலாக உட்கார்ந்தது. இடது கையால் நிமிர்த்தினேன். வலது கை பழக்கத்தில் அழுத்திவிட்டது.

என்னை வண்டியில் ஏற்றுவதற்குள் ஐந்து மெஷினில் இருந்த கட்டைகள் காணாமல் போய்விட்டன. என்னுடையதை மட்டும் விட்டுவைத்துப் போட்டோ எடுத்தார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் சூப்பர்வைசர், ‘கட்டையா? இப்பதாங்க முதல் தடவ பாக்குறேன்’ என்றார். கண் இமைக்கவில்லை. ‘பாதுகாப்பு ஏற்பாட்டைத் தொழிலாளியே சிதைத்தார்’ என்று தாளில் அடித்து என் முன்னால் வைத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த வரி நிலைத்துவிட்டால் இந்தப் பட்டறை வேலை போச்சு. அந்தத் தாளோடு போகிறவனை வேறு எந்தப் பட்டறையும் வாசலில்கூட நிறுத்தாது.

பக்கத்து மெஷின் அக்காவைச் சாட்சிக்குக் கேட்டேன். ‘எனக்கு ரெண்டு பிள்ளைங்கப்பா, என்னக் கூப்பிடாத’ என்று அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே இருக்கிற யாராலும் பேச முடியாது. நிர்வாகத்தின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற ஒரே ஆள் நீ.

நீ போனில் என்ன சொன்னாய்? ‘அடுத்த மாசம் கேம் வெளிய வருது. கன்ட்ரோல் டிசைன்னு என் பேரு முதல் தடவ வருது. இப்பப் போயி, சேஃப்டி பட்டன அடச்சவன் நான்தான்னு எழுதிக் குடுத்தா...’ என்று நிறுத்தினாய். முடிக்கவும் இல்லை. வேறு லைன் வருகிறது என்று வைத்துவிட்டாய்.

நேற்று அந்த அக்கா வீட்டுப் பக்கம் வந்தார். கட்டைகள் திரும்ப வந்துவிட்டனவாம். சூப்பர்வைசர் இப்போது வாயால் சொல்வதில்லை, கண்ணைக் காட்டுகிறாராம். என் இடத்தில் அந்த அக்காவைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி விசாரணை. எனக்கு உன் பணம் வேண்டாம், பார்சல் வேண்டாம். அந்தக் கட்டையை யார் செய்தார்கள், எந்த வருஷம், யார் பார்த்தார்கள், யார் தினமும் கேட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. வியாழனுக்குள் வர வேண்டும்.

அம்மாவுக்கு அந்தக் கட்டை யார் சீவியது என்று தெரியாது. நான் சொல்லவில்லை. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை அந்த மேசை முன்னாலும் உன் பெயர் என் வாயிலிருந்து வராது. சொல்வதென்றால் நீயே சொல்.

கேம் நன்றாக ஓடட்டும். உன் பத்து விரலும் நன்றாக இருக்கட்டும் அண்ணா. பேனா பிடிக்க அதில் மூன்று போதும்.

இப்படிக்கு,
உன் தம்பி