ஆறு கிழமை இரவல்

10.6.62 ஞாயிறு

பரமலிங்கம் அண்ணை என்னை இரவல் கொடுத்துவிட்டார். எங்கள் முரசுமோட்டை உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர் அவர். முல்லைத்தீவுக் கரையோரக் கழகத்தின் கோல் காப்பாளர் அந்தோனிமுத்துவுக்கு வள்ளம் இழுக்கையில் மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். அவர்களின் தலைவர் லோறன்ஸ் பஸ் ஏறி வந்து சுற்றுப்போட்டிக்கு ஆள் கேட்டார்.

"யோகநாதனை ஆறு கிழமைக்குக் கொண்டுபோங்கோ. திருப்பித் தரவேணும்" என்றார் அண்ணை. ஒன்றரை மாதத்துக்கு, மண்வெட்டி கொடுப்பது போல. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மூன்று வருடமாக இங்கே நான் இரண்டாவது காப்பாளன். நடராசாவுக்குக் காய்ச்சல் வந்தால்தான் எனக்கு ஆட்டம். அவனுக்கு வருவதேயில்லை.

போவேன். அண்ணை சொன்னதற்காக இல்லை.

12.6.62

எங்கள் சிறுபோக வயலுக்கு ஆர் தண்ணீர் கட்டுவது என்று வீட்டில் கமலாசனி அக்கா கேட்டா. ஞாயிறு மட்டும்தான் போவேன் என்றேன்.

17.6.62

மூன்று கோல் உள்ளே விட்டேன். எனக்கு முன்னால் நின்று தடுத்தாடும் இருவரும் நான் கத்துவதைக் கேட்பதில்லை. வெளியே கைக்கட்டோடு நிற்கும் அந்தோனிமுத்துவைத்தான் பார்க்கிறார்கள். "இரவல் சாமான்" என்றான் ஒருவன். அடுத்த கிழமையும் வருவேன். பார்க்கட்டும்.

1.7.62

இன்று ஒரு கோலும் விடவில்லை. போன கிழமையும் ஒன்றுதான். மூன்று வருடப் பயிற்சியில் வராதது மூன்று ஆட்டத்தில் வந்துவிட்டது. கடற்காற்று உயரப் பந்தை எந்தப் பக்கம் இழுக்கும் என்று அந்தோனிமுத்துதான் சொன்னார். தன் இடத்தில் நிற்பவனுக்கு ஏன் சொல்லவேண்டும்? நானென்றால் நடராசாவுக்குச் சொல்லியிருப்பேனா?

9.7.62

அரையிறுதியில் எங்களுக்கு எதிராக முரசுமோட்டை. 'எங்களுக்கு' என்று எழுதிவிட்டேன். கிடக்கட்டும்.

11.7.62

அண்ணை வயலுக்கே வந்துவிட்டார். தங்களுக்கு எதிராக நான் நிற்கக்கூடாதாம். கொடுக்கும்போது அப்படிச் சொல்லவில்லையே என்றேன்.

"அதைச் சொல்லவேணுமோ? என்ர அடி எந்த மூலைக்கு வருமெண்டு உனக்குத் தெரியும்."

அதுதான் அவருக்குப் பயம். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை — மூன்று வருடம் அவர் அடித்த பந்தைத்தானே பிடித்துப் பழகினேன். ஆனால் தெரிந்ததை எங்கே கழற்றி வைப்பது? நான் விலகினால் லோறன்ஸ் ஆட்களுக்குக் காப்பாளனே இல்லை. ஆறு கிழமை எண்டு சொன்னது ஆர்? அவர்தானே? அப்ப ஆறு கிழமையும் நிப்பன்.

அக்கா வரம்பில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறா. "போய் நில்லு. தண்ணி நான் கட்டுறன்" என்றா.

15.7.62

நின்றேன்.

நாங்கள் ஒன்று, அவர்கள் பூச்சியம். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் அவர்களுக்குத் தண்ட உதை. அண்ணைதான் பந்தை வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு எப்போதும் இடது மூலை; இன்றைக்கென்று மாற்றுவாரோ? மாற்றவில்லை. பாய்ந்தேன். பந்து இரண்டு கைக்குள்ளும் வந்து நின்றது.

"ஊரை வித்தவன்" என்று எங்கள் ஊர் ஆட்கள் பக்கமிருந்து கேட்டது. போகும்போது அண்ணை கிட்ட வந்து மெல்லச் சொன்னார்: "இனி எங்கட பந்தைத் தொடாதை."

தொடமாட்டேன். கெஞ்சவும் மாட்டேன்.

26.7.62

அந்தோனிமுத்துவின் கட்டு அவிழ்த்தாயிற்று. ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு அவர்தான். லோறன்ஸ் வீட்டுக்கு வந்து நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். அது அந்தோனிமுத்துவின் இடம், எனக்கு விளங்குகிறது. விளங்கினால் நோகாதா?

இரவல் போனால் ஆட்டம் கிடைக்கும். இடம் கிடைக்காது. சரி, ஆடத் தெரியும் என்றாவது தெரிந்துகொண்டேன். அதை ஒருவரும் திருப்பிக் கேட்க முடியாது.

29.7.62

வென்றார்களாம். நான் தண்ணீர் கட்டினேன்.

23.9.62 ஞாயிறு

அரையிறுதியைப் பார்த்த ஏரம்பு என்பவர் ஆள் அனுப்பியிருந்தார். உடையார்கட்டில் புதிதாக ஒரு கழகம்; காப்பாளன் இன்னும் இல்லையாம். சைக்கிளில் போனேன். வலை இல்லை, நட்ட கம்புகள் மட்டும். இரண்டுக்கு ஒன்று தோற்றோம். புழுதியைத் தட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு என்று பேசினார்கள். நாலு மணி வையுங்கோ, முரசுமோட்டையிலிருந்து மிதித்து வரவேணும் என்றேன்.

நாலு மணி என்று முடிவாயிற்று.