காய் இல்லாத மாதத்தில் சொட்டிய பலாப்பால்

மாப்ளே,

இன்று காலை சோளக்காட்டில் மிளகுக் கடைக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. மலையைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதர், முன்மூடியில் ஒட்டிய மரப்பிசினை ஏடிஎம் கார்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, சொரண்டாதீங்க, பெயின்ட் உரிஞ்சு போயிரும்" என்று சொல்லி, கடையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாங்கி, துணியில் தொட்டுத் தேய்த்துக் காட்டினேன். வெயிலில் காய்ந்த தகரத்தில் எண்ணெயும் பிசினும் கலந்து எழுந்த வாசனை மூக்கில் ஏறியது. துணியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டும் அந்த வாசனை போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் சேர்ந்து வாங்கிய சிவப்புக் காரை நீ எப்படி வைத்திருந்தாய் என்று செம்மேட்டில் இன்னும் பேசுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை அருவிக்கும் கோயிலுக்கும் நாம் மாறி மாறி ஏற்றிப்போவோம். வண்டியைக் கழுவும் வேலையை மட்டும் நீ எனக்குத் தரவே மாட்டாய். என் தங்கை கூட, "என் மூஞ்சிய இப்பிடி ஒரு நாளு பாத்திருப்பாரா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

நம் இரு வீடுகளும் சரிவில் இருந்ததால், வண்டி நிறுத்த எதிரே இருந்த பலாமரத்தடி மட்டுந்தான் சமதளம். மரம் பொன்னாயி அக்காவுடையது. காய் வெட்டும் மாதங்களில் வண்டிக் கூரையெல்லாம் பால் சொட்டி இறுகிக் கிடக்கும். வெந்நீரில் நனைத்த துணியை அதன் மேல் போட்டு நீ பொறுமையாகக் காத்திருப்பாய். பிறகு எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பாய். நான் அவசரப்பட்டு நகத்தை வைத்தால், "ஊற வெய்யி மச்சா, அதுவா உட்டுரும்" என்பாய்.

அந்த வருடம் ஐப்பசி மழைக்குப் பிறகும் சொட்டியது. மரத்தில் ஒரு பிஞ்சு கூட இல்லை. பால் வெள்ளையாகவும் இல்லை; பழுப்பாக, புளித்த வாடையோடு இருந்தது. முதல் நாள் நாலைந்து சொட்டு. ஒரு வாரத்தில் கூரை நிறைய. அடிமரத்திலிருந்து எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சாரி சாரியாக இறங்கின. பொன்னாயி அக்கா நம் வாசலுக்கே வந்து சொன்னார்.

"ஏஞ்சாமி, காயே இல்லாத மரத்துல பாலு எங்கிருந்து வருது? எனக்கு மனசே சரியில்ல. வண்டிய அப்பால நிறுத்துங்க."

"மரத்துக்கும் வயசாச்சுங்கக்கா, சளி புடிச்சிருக்கும்" என்று நீ சொன்னாய். நாம் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

மாப்ளே, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்து, நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில், கூரையில் காய்ந்த இலைகளைத் தள்ளுவதற்காகக் கார்க் கதவைத் திறந்து, கீழ்ச்சட்டத்தில் ஏறி நின்றேன். அண்ணாந்தபோது பார்த்தேன். மரம் இரண்டாகப் பிரியும் இடத்தில் கறுப்பாக ஒரு வெடிப்பு. என் உள்ளங்கை நுழையும் அகலம். உள்ளேயிருந்து பிசின் கசிந்து வழிந்தது. வண்டியின் மேல் நீண்டிருந்த பெரிய கிளை, மிளகுக் கொடியின் பாரத்தோடு, லேசாக முனகியது. அப்போது செம்மேட்டிலிருந்து சவாரிக்கு போன் வந்தது. மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நினைவிருந்தது. சொன்னால் வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், தினமும் அவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டும். அந்தச் சோம்பல்தான். அன்று மாலை பிடித்த மழை மூன்று நாள் பெய்தது.

நாலாம் நாள் காலை நல்ல வெயில். ஓர் இலை கூட அசையவில்லை. நீ முன்மூடியின் மேல் குனிந்திருந்தாய்.

"வெந்நி கொஞ்சம் எடுத்துட்டு வா மச்சா, இன்னிக்கி ரொம்ப இறுகிக் கெடக்குது."

நான் வாசலில் நின்று, "மாப்ளே" என்றேன்.

நீ நிமிர்ந்து, "என்ன?" என்றாய்.

"ஒண்ணுமில்ல. வாரேன்."

அடுப்பில் தண்ணீர் சூடாவதற்குள், கெட்டித் துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம் நீளமாகக் கேட்டது. அப்புறம் தரை அதிர்ந்தது.

பக்கத்து வீட்டு ஜீப்பில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கினேன். எழுபது வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் நீ பல்லைக் கடித்தாய். பாதி மலையில் கண்ணைத் திறந்து, "வண்டிக்கு அடி பலமா?" என்று கேட்டாய்.

"ஒரு கீறல் கூட இல்ல மாப்ளே."

"பொய் சொல்லாத மச்சா" என்றாய். அதன் பிறகு பேசவில்லை. பேளுக்குறிச்சியில் சந்தைக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டபோது உன் கை என் கைக்குள் குளிர்ந்திருந்தது.

காரியம் முடிந்த அன்று என் தங்கை என்னிடம் வந்தாள். "மரம் முன்னாடியே வெடிச்சிருந்துச்சாமா. நீ பாத்தியாண்ணா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு."

என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றிலிருந்து எனக்கும் சேர்த்து அவள்தான் சமைக்கிறாள். நேற்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவரு உன்னைய வெந்நிக்கு அனுப்பலீன்னா நீயும் அங்கதான நின்னிருப்பே? உன்னையக் காப்பாத்துனது அவருதாண்ணா."

தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

உன்னிடம் இன்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்ன அந்த 'இல்ல' இன்னும் என்னோடுதான் இருக்கிறது. இதை எழுதும்போது பக்கத்தில் உன் வீட்டில் அவள் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் "அண்ணா, சாப்பிட வா" என்று கூப்பிடுவாள். நான் போவேன்.