அவரால் முடிந்ததை அவரே

ஜனவரி 9, வியாழன்

காலையில் சட்டைப் பொத்தானில் தொடங்கியது. இவர் ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சொல்வதா? நானே போட்டுவிடுவதா? யோசித்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி வழிந்தது.

"அடுப்பைப் பாரு. என்னை எதுக்குப் பாக்கற?" என்றார். நான் பார்ப்பது இவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

பஸ் ஓட்டியவர். போன மழைக்காலத்தில் ஒரு கண் போயிற்று, அடுத்த மாதமே இன்னொன்று. நரம்புக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டதாம். இனிமேல் வராது என்று கண் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவரிடம் "பார்க்கலாம்" என்றார். கண் போனவரிடம் சொல்கிற வார்த்தையா அது?

ஜனவரி 11, சனி

அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறார். தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார். இவர் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறார். நாற்பத்தாறு வயது. என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

ஜனவரி 13, திங்கள்

பல் மருத்துவமனையில் இன்று இரண்டு பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டேன். வரவேற்பு மேசையில் இத்தனை வருஷத்தில் நடக்காதது. டாக்டர் சின்னப் பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். "என்னக்கா ஆச்சு?" என்றது. கொட்டிவிட்டேன். செருப்பை எடுத்துத் தருவதா, தேட விடுவதா? தட்டில் எது எங்கே என்று சொல்வதா, வேண்டாமா? காலையிலிருந்து இதேதான். யோசித்து யோசித்தே செத்துக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கும் புதுசுல ஒவ்வொரு பல்லுக்கும் மண்டை காயும்க்கா, பிடுங்கவா காப்பாத்தவான்னு. அப்புறம் ஒண்ணு முடிவு பண்ணேன். காப்பாத்த முடிஞ்சதைப் பிடுங்கறதில்ல. அதுக்கப்புறந்தான் தூக்கமே வந்துச்சு."

வீட்டுக்கு வரும் வழியில் நானும் முடிவு செய்தேன். அவரால் முடிந்ததை நான் செய்யக் கூடாது. அவரிடம் பொய் சொல்லக் கூடாது. அவர் காதுபட அழக் கூடாது. கொள்கை என்று சொன்னால் சிரிப்பு வருகிறது, கட்சி ஆரம்பித்தவள் மாதிரி. ஆனால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே.

ஜனவரி 15, புதன்

தேநீரை அவரே ஊற்றிக்கொள்ளட்டும் என்று விட்டேன். கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றி, கையில் கொட்டிக்கொண்டார். நான் மருந்து தடவும்போது அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "கட்டினவன் கை வேகுது, இவ நின்னு வேடிக்கை பாக்கறா. நெஞ்சா அது, கல்லா?"

கல்லாக இருந்தால் வலிக்காதே அத்தை. சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஜனவரி 18, சனி

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் இவர் சொன்னார், "தண்ணி வீணாப் போகுது. இங்கயே அழு." மூன்றாவது கொள்கை போயிற்று.

ஜனவரி 22, புதன்

இன்று கேட்டேவிட்டார். அத்தை கடைக்குப் போயிருந்தார்.

"அன்னைக்கு டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டாரே. என்ன சொன்னாரு?"

நாக்கு நுனி வரை வந்தது, "சரியாகிடும்னுதாங்க சொன்னாரு" என்று. அதை விழுங்கினேன்.

"வராதுன்னு சொன்னாருங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 24, வெள்ளி

சாப்பிடவில்லை. குளிக்கவில்லை. பேசவில்லை. அத்தை என் முகத்துக்கு நேரே கேட்டார்: "வாய் தவறி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தா உன் நாக்கு அழுகியா போயிருக்கும்?"

தெரியவில்லை. போயிருக்காதுதான். உண்மையைச் சொல்லி என்ன சாதித்தேன்? இவருக்காகச் சொன்னேனா, என் பாரத்தை இறக்கிவைக்கச் சொன்னேனா?

ஜனவரி 28, செவ்வாய்

 எழுதிவிட்டால் மனசு அடங்குமோ என்னவோ.

மதியம் அத்தை மருத்துவமனைக்குப் போன் செய்தார். கொஞ்சம் கண் அசந்தாராம். "கதவு தெறந்து கெடக்கு. அவனைக் காணோம்." செருப்பு போட்டேனா என்றுகூட நினைவில்லை, ஓடினேன். பெரிய சாலை முனையில், நடைபாதை விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் கீழே. பஸ்கள் உரசிக்கொண்டு போகின்றன. நான் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் விழுந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. "ஒவ்வொரு வண்டியா சத்தம் கேட்டுச்சு. இதுக்கு எறங்கலாமா, அடுத்ததுக்கு எறங்கலாமான்னு நின்னேன். அப்புறம் ஓட்டறவனை நெனச்சேன். பாவம், காலம் பூரா அவன் தூக்கத்துல நான் வருவேனே."

என்னை நினைக்கலையா? ஓட்டறவனை நெனச்சீங்களே, நான் நெனப்புல வரவே இல்லையா? கேக்கல. கேக்கத் தைரியம் இல்ல. அந்த யாரோ ஒரு டிரைவர் நல்லா இருக்கணும்.

கொள்கையாம் கொள்கை. உண்மையைச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டதே நான்தான்.

ஜனவரி 30, வியாழன்

மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். மாத்திரை கொடுத்தார், வாரா வாரம் வரச் சொன்னார். தனியாக விடாதீர்கள் என்றார். "பூட்டிட வேண்டியதுதான்" என்றார் அத்தை. நானும் தலையாட்டினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வேலைக்குப் போனேன். அத்தையையும் இவரையும் உள்ளே வைத்து வெளியே பூட்டினேன். இவரிடம் சொல்லவில்லை. சத்தம் வராமல் சாவியைத் திருப்பினேன், திருடி மாதிரி.

சாயங்காலம் திறந்தால் கதவுக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஜெயில்லகூட என்ன தப்புன்னு சொல்லிட்டுத்தான் பூட்டுவாங்க."

பையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அத்தை இருப்பதுகூட மறந்துபோயிற்று. "எனக்குப் பயமா இருக்கு. நீங்க செத்துடுவீங்களோன்னு பயமா இருக்கு. போன் அடிச்சாலே குலை நடுங்குது. நான் என்னதான் பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க!"

சாவு என்கிற அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை. இவர் தடவிப் பார்த்து என் முழங்காலைக் கண்டுபிடித்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

அத்தை சமையலறைக்குள் போய்விட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

விடிந்ததும் இவரே ஆரம்பித்தார். "நீ ஏதோ முடிவு பண்ணிக்கிட்டு நடக்கறேன்னு தெரியும். டீ கொட்டின அன்னைக்கே தெரிஞ்சுது. நானும் ஒண்ணு வெச்சுக்கறேன். வெளிய கால் வெக்கறதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிடுவேன். அந்த நெனப்பு வந்தாலும் சொல்லிடுவேன். ஆனா நீ பூட்டக் கூடாது."

அத்தை வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். மனநல மருத்துவரைப் போனில் பிடித்துக் கேட்டேன். யாராவது கூடவே இருக்கட்டும், மாத்திரை அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், பூட்டுவது உதவாது என்றார். சாவியை இவர் உள்ளங்கையில் வைத்தேன். சரியாகச் செய்கிறேனா? யாருக்குத் தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேசையில் போன் அடித்தது. "வந்துடு" என்றார். அவ்வளவுதான். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போங்கக்கா" என்றது. ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் நான், நடுவில் இவர்.  வெளிச்சம் குறையும் வரை கையை விடவில்லை.

சொன்னாரே. சொல்லிவிட்டாரே.

பிப்ரவரி 19, புதன்

இன்றும் கூப்பிட்டார். போனேன். இப்படியே எத்தனை நாள்? முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

வெள்ளைக் குச்சிப் பயிற்சி தொடங்கியிருக்கிறது. நாற்காலி, கதவு, அத்தையின் கணுக்கால் எல்லாவற்றையும் தட்டிக் கண்டுபிடித்துவிட்டார். "வண்டி ஓட்டறப்பகூட நான் யாரையும் இடிச்சதில்லம்மா" என்று அத்தையிடம் மன்னிப்புக் கேட்டார். அத்தை காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். இன்று தட்டை இவர் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

மார்ச் 27, வியாழன்

மருத்துவமனையில் கூட்டம். போன் அடித்தது. இன்னும் அதே பயம்தான்.

"கீழ கடைக்குப் போறேன். சோப்பு தீந்துடுச்சு. தனியாத்தான்."

அத்தையை அனுப்புங்கள், நான் வரும்போது வாங்கி வருகிறேன், ஓரமாகப் போங்கள் — எல்லாம் தொண்டை வரை வந்தன. "சரிங்க" என்றேன். போனை வைத்தேன். எதிரே இருந்த அம்மாவிடம் பெயர் கேட்டேன், அவர் சொன்னார், காதில் ஏறவில்லை, மறுபடி கேட்டேன். யாரோ ஒருவர் உள்ளே போனார், யாரோ வெளியே வந்தார்கள். கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கை போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

மறுபடி அடித்தது.

"வந்துட்டேன்" என்றார். மூச்சு வாங்கியது. அப்புறம், பழைய எரிச்சலோடு: "துணி சோப்பைக் குடுத்து ஏமாத்திட்டான் படுபாவி. மோந்து பாத்தாத்தான் தெரியுது. மாத்திட்டு வரேன்."

"சரிங்க" என்றேன்.