மேடு அப்படியே இருக்கிறது

என் செல்ல வாலுப் பெண்ணுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். கோழிக் கிறுக்கலுக்கு நான் பொறுப்பில்லை. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் இருந்து உன்னை உதைக்கிற ஆளும் சுகமாக இருக்க வேண்டும். எந்நேரமும் அதே நினைப்புதான்.

முதலில் ஒன்று. கடலோர ஓட்டலில் நீ போட்ட மணல் மேடு அப்படியே இருக்கிறது. முதலாளி அதில் கை வைக்கப் போவதில்லை. இதை இப்போதே சொல்லிவிட்டால் மிச்சத்தை யார் படிப்பார்கள் என்று அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். டாக்டர் எழுந்திருக்கக் கூடாது என்று படுக்க வைத்திருக்கிற பிள்ளையைக் கடைசிப் பக்கம் வரை பதற வைப்பார்களா என்று கேட்டேன். அப்புறம்தான் எழுதினாள்.

இனி ஆற அமரக் கேள். மேட்டை வெட்டிப் புல்தரை போட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடல் தெரியும் என்று மேனேஜர் முதலாளி காதில் ஓதிக்கொண்டே இருக்கிறார், செவ்வாய்க்கிழமை முதலாளி வந்து முடிவு சொல்லப் போகிறார் என்று போனில் அழுதாயே. போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வாங்கப்பா, வாயைத் திறக்காதீங்க என்றும் சொன்னாய். முக்கால்வாசி அப்படியே நடந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஓட்டல் கேட்டில் காவலாளி எங்களை நிறுத்தினான். பெயரை எழுதுங்கள் என்று நோட்டை என் பக்கம் தள்ளினான். எனக்கு ஏது எழுத்து! அம்மா வாங்கி எழுதினாள். என் பெயரை எழுதவில்லை. 'தோட்டம் போட்டவளின் அப்பா' என்று எழுதினாள். அவன் படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். லாரி ஓட்டின காலத்தில் எத்தனை கேட்டில் ஹாரன் அடித்துக் காத்துக் கிடந்திருக்கிறேன். எனக்காக ஒருத்தன் எழுந்தது இதுதான் முதல் தடவை.

உள்ளே போனதும் அம்மா முணுமுணுக்க ஆரம்பித்தாள். கடலைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறவர்களுக்குக் கடலையே காட்டாமல் இதென்ன பாதை, வளைந்து வளைந்து போகிறதே என்றாள். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. தாழம் புதர் தாண்டி ஒரு திருப்பம் வைத்திருக்கிறாயே, அங்கே திரும்பினோம். மொத்தக் கடலும் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அடி கள்ளி, எங்கே ஒளித்து வைத்திருந்தாள் பார் என்றாள். கடற்கரை ஊரிலேயே பிறந்தவள் சொல்கிறாள் இதை. எழுத வெட்கமாக இருக்கிறதாம், எழுது என்கிறேன்.

மேட்டுக்கு வருகிறேன். நீ வரைபடத்தை நம் வீட்டுக் கூடத்தில் விரித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பறக்காமல் இருக்க ஒரு மூலையில் உப்பு ஜாடி, எதிர் மூலையில் என் மூக்குக்கண்ணாடி. கடல் பக்கம் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும், அடுத்தது தாழை, அதற்குப் பின்னால் புன்னை என்று விரலால் தொட்டுக் காட்டினாய். உப்புக் காற்றில் முன் வரிசை கருகும்ப்பா, கருகட்டும், அது வாங்கிக்கொண்டால்தான் பின்னால் இருப்பது பச்சையாக இருக்கும் என்றாய்.

மேனேஜருக்கு அது தெரியவில்லை. கருகினதைச் செத்தது என்று நினைத்துவிட்டார். தெற்கு ஓரத்தில் கொஞ்ச இடத்தில் முன் வரிசையைப் பிடுங்கி, மேட்டையும் சரித்து, முதலாளிக்கு மாதிரி காட்டுவதற்காக மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார். பக்கத்துப் புன்னைக்கு அதற்குள் இலை ஓரம் தீய்ந்திருந்தது.

முதலாளி வந்து அந்த மேசையில்தான் உட்கார்ந்தார். கடல் நன்றாகவே தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சூப் வந்தது. காற்றும் வந்தது. முதலாளி ஒரு வாய் குடித்தார், நறநறவென்று மென்றார். கிண்ணத்தின் மேல் கைக்குட்டையை மூடினார், கைக்குட்டை பறந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள். எங்கே போனார்கள் என்கிறாய்? உன் மேட்டுக்குப் பின்னால். அங்கே ஒரு குழந்தை ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருந்தது, ஒரு துளி மணல் இல்லை. பரிமாறுகிற பையன்கள் மேசைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் முதலாளியும் சூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவர்கள் யார் என்று முதலாளி எங்களைக் காட்டிக் கேட்டார். சொன்னேன். உங்க பொண்ணு சரியான பிடிவாதக்காரிங்க, மேட்டைத் தொட்டா வேலையை விட்டுடுவேன்னு என்கிட்டயே சொன்னாங்க என்றார். அவங்க அம்மா ஜாடைங்க என்றேன். (அப்பாவின் ஜாடை என்று திருத்தி எழுதப் பார்க்கிறாள், நம்பாதே.) அவர் சிரித்துவிட்டு, சரிச்ச இடத்தைப் பழையபடி ஆக்கணும், அதையும் அவங்களே வந்து நின்னு செய்யணும், வேற யாரையும் நம்ப மாட்டேன், அடுத்த வாரமே வரச் சொல்லுங்க என்றார்.

மேனேஜர் காது கேட்க அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு நெஞ்சு விம்மியது. பெண்ணே, நான் லாரி லாரியாக மணல் கொட்டினவன். எந்த மணலும் என் பெயரைச் சொல்லி ஓர் இடத்தில் நின்றதில்லை. உன் மணல் நிற்கிறது.

ஆனால் கேட்டதற்குப் பதில் என்பதைத் தாண்டி நான் வாயைத் திறந்தது அப்போதுதான். வருவாள், எப்போது என்று இப்போது சொல்ல முடியாது என்றேன். காற்றுக்காலம் வருகிறதே என்றார். அதுவரைக்கும் சாக்கும் தென்னங்கீற்றும் கட்டி மறையுங்கள், நானே வந்து கட்டித் தருகிறேன் என்றேன். சரி என்றுவிட்டார். நாளை முதல் பஸ்ஸில் போகிறேன்.

எனக்கு உன்னைத் தெரியும். இதைப் படித்ததும் பெட்டியை எடுப்பாய். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளையைக் கரைப்பாய். மேடு கட்டின வருஷமும் மாசமாகத்தான் வெயிலில் நின்றாய், அந்த வருஷம் நடந்ததை அம்மாவும் நானும் இன்றுவரை ஒருவருக்கொருவர் பேசினதில்லை. அதை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள். எழுதவில்லை.

படுத்திரு, தாயே. உன் மேட்டுக்கு நான் காவல். ஆணோ பெண்ணோ, அழுகிற சத்தத்தைப் போனில் ஒரு தடவை கேட்க வைத்துவிடு, அது போதும். நீயும் உன் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டம் போட்டவளின் அப்பாவும், எழுதிக் கை வலிக்கிற அம்மாவும்