அக்காவின் தேர்வும் பசியெடுத்த பெட்டியும்

மார்ச் 4

இன்றைய சாதனை: ஒரு கப் தேநீர் ஆறி அவலாகும்வரை அக்காவைக் கம்ப்யூட்டர் முன்னால் கட்டிப்போட்டேன். கயிறு இல்லாமல்.

நீலத் திரை, வெள்ளை எழுத்து, "புதுப்பித்தல் நடக்கிறது 99%, கணினியை அணைக்க வேண்டாம்." இப்படி ஒரு படம் செய்து திரை முழுக்க விரித்துவிட்டு, ரொம்ப நல்ல பிள்ளையாகப் பை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள், உட்கார்ந்தாள். 99. எழுந்து போய்த் துணி மடித்துவிட்டு வந்தாள். 99. மவுஸைத் தொடக்கூட இல்லை. அவ்வளவு பயபக்தி.

கடைசியில் சிரிப்பு தாங்காமல் நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். வழக்கமாக முதுகில் ஒன்று விழும். இன்று விழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அழுதாளா என்ன? ஒரு சதவீதத்துக்கா?

மார்ச் 5

அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறவர். வீட்டிலும் ஹாரன் அடித்துத்தான் பேசுவார். இன்று மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"போன தடவை அவ தேர்வு எழுதுறப்ப நிஜமாவே அப்படித்தான்டி வந்து நின்னுச்சு. பாதியில. தொடர்பு போச்சுன்னு அவளை வெளிய தள்ளிட்டாங்க. ஃபெயில்னு எல்லார்கிட்டயும் சொன்னாளே, அது இதுதான்."

எனக்கு யாரும் சொல்லவில்லையே.

அக்கா மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டாள். உரிமத் தேர்வு மட்டும் பாக்கி. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எழுத வேண்டும், கேமரா வழியாக ஒருத்தர் முறைத்துக்கொண்டே இருப்பார். தேறினால் வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை அவளுக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஏப்ரல் முடிவதற்குள் உரிமம் வராவிட்டால் அந்த இடம் இன்னொருத்தருக்கு. இது எல்லாம் தெரிந்திருந்தால் 99 போட்டிருப்பேனா?

(போட்டிருக்க மாட்டேன். 12 போட்டிருப்பேன். சரி, அதுவும் இல்லை.)

மார்ச் 7

தேர்வு நடத்துகிறவர்களிடமிருந்து மெயில். இனிமேல் புது இயங்குதளம் இருக்கிற கம்ப்யூட்டரில்தான் எழுத முடியுமாம். நினைவகம் எட்டு ஜிபி. கூடவே ஒரு பாதுகாப்புச் சில்லு, அதாவது சிப்.

எங்கள் பெட்டி எனக்குப் பால் பல் விழுந்த வருஷம் வீட்டுக்கு வந்தது. எனக்குப் பல் முளைத்துவிட்டது. அதற்கு ஒன்றும் முளைக்கவில்லை. அதே நாலு ஜிபி. புது இயங்குதளம் ஏறுமா என்று சோதித்துப் பார்க்கிற மென்பொருளை ஓட விட்டேன். சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டு, "இந்தக் கணினி தகுதி பெறவில்லை" என்றது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நான் எழுதறதுக்கு முன்னாடியே இது ஃபெயில் ஆயிடுச்சு."

நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விக்கிக்கொண்டேன். அவளே சிரித்தாள். அப்பாடா.

மார்ச் 8

விடுமுறை. இந்த இயங்குதளங்கள் ஒவ்வொன்றும் பிறந்தபோது என்னென்ன கேட்டன என்று தேடிப் படித்தேன். சீர்வரிசைப் பட்டியல் தோற்றது போங்கள்.

தொண்ணூறுகளில் வந்த ஒன்று நாலு எம்பி நினைவகம் போதும் என்றது. பாவம், வாயில்லாப் பூச்சி. அடுத்த சில வருஷத்தில் வந்தது அறுபத்து நாலு கேட்டது. அப்புறம் ஒன்று வந்தது பாருங்கள், ஜன்னல் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டுமாம், அதற்கு ஒரு ஜிபியும் தனியாக ஒரு வரைகலை அட்டையும் வேண்டுமாம். ஊரே திட்டியது. அதற்குப் பின்னால் வந்தவை கொஞ்ச காலம் வாயைக் கட்டிக்கொண்டு அதே ஒரு ஜிபியிலேயே குடும்பம் நடத்தின. இப்போது வந்திருப்பது குறைந்தபட்சம் நாலு ஜிபி என்கிறது (எட்டு என்பது தேர்வு நடத்துகிறவர்கள் கேட்பது). அதாவது அந்த நாலு எம்பியைப் போல ஆயிரம் மடங்கு. ஆயிரம் மடங்கு தின்றுவிட்டு என்ன செய்கிறது? அதே மூலையில் அதே மணியைக் காட்டுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். முன்னாலெல்லாம் "நீ எவ்வளவு பெரியவன்?" என்று மட்டும்தான் கேட்டன. எத்தனை எம்பி, எத்தனை வேகம். இப்போது வந்தது "நீ யார்? அடையாளம் காட்டு" என்கிறது. அதற்குத்தான் அந்தச் சில்லு. அதற்குள்ளே ரகசியச் சாவிகளைப் பூட்டி வைத்திருக்குமாம்.

இதைச் சாப்பிடும்போது சத்தமாகச் சொன்னதுதான் தப்பு.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அப்பா கடைத்தெருவில் மாற்றுச் சாவி செய்கிறவர். "சாவியா? சாவின்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

மார்ச் 9

அது அந்த மாதிரிச் சாவி இல்லை என்று அக்கா விளக்கினாள். நான் விளக்கினேன். அம்மா ஹாரன் அடித்து விளக்கினார்.

"சாவி எந்த மாதிரியா இருந்தா என்ன? பல்லு சரியா இருந்தா நுழையும், இல்லன்னா நுழையாது. இதுல என்ன பெரிய விஞ்ஞானம்?"

சில்லை அப்புறம் பார்க்கலாம், முதலில் நினைவகத்தை எட்டு ஆக்குவோம் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். யாரோ வாடிக்கையாளரிடமிருந்து எட்டு ஜிபி நினைவகக் குச்சி ஒன்று வாங்கி வருவாராம்.

மார்ச் 11

குச்சி வந்தது. எங்கள் பெட்டியில் போகவில்லை. குச்சியின் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது, பெட்டியில் இருக்கிற மேடு அதற்கு நேராக இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இது அடுத்த தலைமுறைக் குச்சி, மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பள்ளத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

நான் இதைப் படித்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கடையில் சாவியைப் பார்க்கிற பார்வை.

"அவ்வளவுதானா?" என்றார்.

மார்ச் 12

நான் பள்ளியில் இருந்தபோது அப்பா அரத்தை எடுத்திருக்கிறார்.

எங்கள் அப்பா அறம் தவறியதே இல்லை. அரம்தான் தவறிவிட்டது. குச்சியில் புதுப் பள்ளம், அவ்வளவு அழகாக, நூல் பிடித்த மாதிரி ராவியிருக்கிறார். நுழைந்தும் விட்டது! அந்தச் சந்தோஷத்திலேயே சுவிட்சைப் போட்டிருக்கிறார். டப் என்று ஒரு சத்தம். ஒரு நாற்றம். அப்புறம் ஒன்றுமில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா பெட்டியின் பின்பக்கத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் நின்று, "நுழைஞ்சுச்சும்மா. நல்லாத்தான் நுழைஞ்சுச்சு," என்றார். நாலைந்து தடவை அதையே சொன்னார்.

அக்கா திட்டவே இல்லை. "விடுப்பா" என்றாள். விடுப்பா என்றால் என்ன அர்த்தம்? எதை விடுவது? தேர்வையா?

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ.

மார்ச் 13

அப்பா சாப்பிடாமல் கடைக்குப் போனார். அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. தேர்வு 24-ஆம் தேதி.

மார்ச் 14

நானும் அக்காவும் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, நோயாளியைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு தூசி அண்ணனிடம் போனோம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். எதைக் கொடுத்தாலும் முதலில் ஃபூ என்று ஊதுவார், அதனால் அந்தப் பெயர். ஊதினார். குச்சியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"இதை யாரு பண்ணது? ஃபினிஷிங் பிரமாதமா இருக்கே!"

"எங்கப்பா," என்றேன்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பின்னணி இதுதான்: தூசி அண்ணன் கடை ஷட்டருக்கு அப்பா செய்த சாவி ஒரு மழை நாளில் சிக்கிக்கொண்டது. அண்ணன் அப்பாவைக் கூப்பிடாமல் சுத்தியலை எடுத்துப் பூட்டையே உடைத்துவிட்டார். அப்பாவுக்கு அது கொலைக்குச் சமானம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

மதர்போர்டு அவுட் என்றார் அண்ணன். இதற்குப் பொருந்துகிற பழைய போர்டைத் தேடிப் பிடித்துப் போட்டாலும் புது இயங்குதளம் ஏறாது. கொஞ்சம் புதிய போர்டு, அதில் அந்தச் சில்லும் இருந்தால் ஏறும். "என்கிட்ட இருக்கலாம்," என்று கடைக் கோடியைக் காட்டினார். ஆள் உயர இரும்பு அலமாரி. மூடிய அலுவலகம் ஒன்றிலிருந்து உள்ளே இருக்கும் சாமானோடு சேர்த்து எடுத்தாராம். சாவி தரவில்லை.

"அப்ப திறந்து பாக்கலாமே அண்ணா," என்றாள் அக்கா.

"சுத்தியலால அடிச்சா உள்ள இருக்கறதும் போயிடும்மா."

"சாவி செய்யற ஆளு அடுத்த தெருவுலதானே இருக்காரு?"

"அவரைக் கூப்பிட மாட்டேன்."

"நீங்க கூப்பிட வேணாம். நான் கூப்பிடறேன்," என்றாள். எங்கள் அக்கா! கடைக்காரர் மீதிச் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வருகிறவள்!

மார்ச் 15

அப்பா வந்தார், கருவிப் பையோடு, சவரம் செய்துகொண்டு. தூசி அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னிடம், "அவரைக் கொஞ்சம் வெளிச்சத்தை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு," என்றார்.

"அண்ணா, வெளிச்சத்தை விட்டுத் தள்ளி நிக்கணுமாம்."

"தள்ளித்தான் நிக்கறேன்னு சொல்லு."

"அப்பா, தள்ளித்தான் நிக்கறாராம்."

"இதுக்கு முன்னாடி யாராச்சும் ஸ்க்ரூடிரைவர் விட்டு நோண்டினாங்களான்னு கேளு."

அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"நோண்டியிருக்காருப்பா," என்றேன். மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் கேட்கலாம் போலிருந்தது.

அப்பா ஒரு வெற்றுச் சாவியை உள்ளே விட்டுத் திருகுவார், எடுத்துத் தடம் பார்ப்பார், ராவுவார், மறுபடி விடுவார். ஒவ்வொரு தடவை ராவும்போதும் அக்காவின் தோள் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. கதவு க்ளக் என்றது. அண்ணன் முதல் வேலையாக உள்ளே ஃபூ என்று ஊதினார். நாங்கள் நாலு பேரும் தும்மினோம்.

நிறைய போர்டுகள். பாதி துருப்பிடித்தவை. ஒன்றில் அண்ணன் மின்சாரம் கொடுத்ததும் காற்றாடி சுற்றியது. நினைவகக் குச்சிகள் அதிலேயே இருந்தன. அப்பா பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். "எதுவும் ராவ வேணாம்ல?" என்றார். யாரைப் பார்த்துக் கேட்டார் தெரியுமா? அண்ணனை.

"வேணாம்ணே," என்றார் அண்ணன்.

மார்ச் 17

புது போர்டு, பழைய டப்பாவுக்குள். சோதனை மறுபடி ஓடியது. மறுபடி சிவப்பு! நினைவகம் சரி, வேகம் சரி, சில்லு இல்லையாம். அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"உட்காருக்கா," என்றேன். சில்லு இருக்கும், ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும், பெட்டி விழிக்கும்போதே உள் அமைப்புக்குள் போய் எழுப்ப வேண்டும் என்று படித்திருந்தேன். போனேன். ஒரு வரி. "முடக்கப்பட்டது" என்று இருந்ததை மாற்றிச் சேமித்தேன்.

பச்சை.

அக்கா என் தலையில் கை வைத்துத் தள்ளினாள். அது அவள் பாஷையில் நன்றி.

மார்ச் 20

புது இயங்குதளம் கண் விழிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அம்மா வேனுக்குக் காற்றடித்துத் திரும்பிவிடுகிறார். ஆனாலும் விழிக்கிறது. அக்கா படிக்கிறாள். எனக்கு வீட்டில் பேச்சுத் தடை.

மார்ச் 24

தேர்வு.

யாரும் உள்ளே வரக் கூடாது என்பதற்காக அப்பா வாசற்கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் அம்மாவும் சமையலறையில் கைதிகள். குக்கரை வைக்கக்கூட அம்மா பயந்தார்.

நடுவில் கண்காணிப்பாளர் குரல்: "உங்க அறையில வேற யாரோ இருக்காங்களா? ஏதோ சத்தம் கேக்குது."

போன தடவை மாதிரி வெளியே தள்ளிவிட்டால்?

"அது கம்ப்யூட்டரோட ஃபேன் சார்," என்றாள் அக்கா. குரல் ஆடவே இல்லை. "காட்டறேன், பாருங்க."

கேமராவைத் திருப்பியிருக்கிறாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் வெறும் உறுமல். பிறகு அவர், "பழசாம்மா?" என்றார்.

"வயசுதான் சார் ஆச்சு. தகுதி இருக்கு."

"சரி, எழுதுங்க."

முடிந்ததும் வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். அப்பாதான் உள்ளே வர மறந்துவிட்டார். அம்மா ஜன்னல் வழியாக ஹாரன் அடித்தார்.

ஏப்ரல் 9

தேறிவிட்டாள்!!! அப்பா கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார். தூசி அண்ணன் கடைக்கும் போய்ச் சொன்னாராம். நேராகவே சொன்னாராம்.

ஏப்ரல் 27

உரிமம் கைக்கு வந்தது, அக்காவை ரயில் ஏற்றிவிட்டோம். அவள் துணிப்பெட்டியின் பூட்டைத் தானே பார்த்துப் பார்த்துப் போட்டார் அப்பா, மாற்றுச் சாவி மூன்று. நான் அவள் பையில் ஒரு ரப்பர் பல்லி போட்டிருக்கிறேன். இந்நேரம் பார்த்திருப்பாள்.

மே 6

அக்கா போன் செய்தாள். முதலில் பல்லிக்குத் திட்டு. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே முடியவில்லை.

"ஏய், இங்க மருந்து இருப்புப் பாக்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருக்காங்கடி. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸே இல்ல. நீ சொன்ன நாலு எம்பி காலத்துது. இன்டர்நெட் கிடையாது, புதுப்பித்தல் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சுவிட்சைப் போட்டா, நான் நாற்காலியை இழுத்துப் போடறதுக்குள்ள வந்து நிக்குது!"

"அது என்னென்ன கேக்குது?"

"கரண்ட் மட்டும்தான்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா குனிந்து, "அப்ப தேர்வையும் அதுலயே வெச்சிருக்கலாமேம்மா?" என்றார். உண்மையாகவே சந்தேகம் அவருக்கு. அம்மா, "என்ன சாப்பிட்டே?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் இனி எனக்கே எனக்கு. பங்குக்கு ஆளில்லை, முறை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாயங்காலம் முழுக்க அதில்தான் இருந்தேன். நாற்காலி அவள் உயரத்திலேயே இருக்கிறது, என் கால் தரையில் படவில்லை. ஒரு நெம்புகோலை இழுத்தால் இறங்கிவிடும்.

நாளைக்கு இறக்கிக்கொள்ளலாம்.