தூளிக்கு ஒரு ரிலீவர்

அரியலூர்,
17.5.2025, சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி தமிழழகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மருமகள் பூவிழி, பெரியவள் நிறைமதி, சின்னவன் கவின் ஐந்து பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குவைத்தில் நீயும் வெயிலைப் பார்த்து நடந்துகொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பூவிழி பேரை எடுத்தாலே "அவளப் பத்திப் பேசாதீங்கப்பா, வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், மூன்று தடவை ஆகிவிட்டது. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், எப்போதாவது படிப்பாய். லப்பைக்குடிக்காடு சாகுல் அமீது லீவு முடிந்து திங்கட்கிழமை குவைத் கிளம்புகிறார், நாளைக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவரிடம் இதைக் கொடுக்கப் போகிறேன். "இன்ஷா அல்லாஹ், தம்பி கையிலயே கொடுத்துடுறேண்ணே" என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் தேதி தீம் பார்க்கில் நீ வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆனதே, அதைக் கட் பண்ணியது பூவிழி இல்லை, நான்தான். அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பதினொரு நாளாக நீ அவளோடு பேசாமல் இருக்கிறாய், அது ஆள் மாறிப்போன கோபம். எனக்கும் நேற்று வரை விஷயம் தெரியாது. ஏதோ புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன என்றுதான் இருந்தேன். நேற்று முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது உன் அம்மாதான் சொன்னாள், யார் கட் பண்ணியது என்று நீ மெசேஜில் கேட்டாயாம், நான்தான் என்று அவள் போட்டுவிட்டாளாம். ஏன் அப்படிப் போட்டாய் என்று உன் அம்மா கேட்டதற்கு "அப்பாவும் மகனும் பேசாம இருந்தா யாரு அத்தை நடுவுல கெடந்து அல்லாடுறது, என் மேலயே இருக்கட்டும்" என்றாளாம். அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. உன் அம்மா கொட்டையைக் கொஞ்சம் ஓங்கித் தட்டினாள்.

அன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீ அங்கிருந்து பார்த்தது நாலு நிமிஷம்தான். உனக்கு மே மாத லீவு ரத்து என்று தெரிந்த பிறகு போக வேண்டாம் என்றுதான் நாங்கள் சொன்னோம், டிக்கெட் போட்டாச்சு பிள்ளைகள் ஏமாந்துபோகும் போய்ட்டு வாங்க என்று நீதான் சொன்னாய். வாட்ஸ்அப்பில் பட்டியலும் அனுப்பினாய். ஒன்பதரைக்கு உள்ளே, பத்திலிருந்து ஒன்று வரை தண்ணீர் விளையாட்டு, ஒன்றுக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு உன் வீடியோ கால், மூன்றிலிருந்து ஆறு வரை ராட்டினம். நல்ல பட்டியல், சிமெண்ட் பிளாண்ட்டில் எங்கள் மேனேஜர்கூட இவ்வளவு சுத்தமாகப் போட்டதில்லை. ஆனால் பதினாலு மாதக் குழந்தை தூங்குவதற்கு அதில் ஒரு வரி இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, நீ அவனோடு ஒரு பகல்கூட இருந்ததில்லை, அவன் பூவிழி வயிற்றில் மூன்று மாதமாக இருக்கும்போது ரயில் ஏறியவன் நீ. கவின் மதியம் ஒன்றே முக்காலுக்குத் தூங்கி மூன்றேகாலுக்கு எழுந்திருப்பான். அதைத் தவறவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அழுகை, நம்மையும் நிற்க விடமாட்டான். அதுவும் தூளியில் போட்டால்தான் தூங்குவான், கட்டிலில் கிடத்தினால் சிரித்துக்கொண்டு கிடப்பான். அதனால் நான் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வேறொரு பட்டியல் போட்டேன், எனக்குத் தெரிந்தது ஷிப்ட்தானே. ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு பத்து வரை தூளிக்கு உன் அம்மா, இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பது வரை நான், அதன் பிறகு பூவிழி. ஒருத்தர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிறைமதியோடு சுற்றலாம். மாற்றிவிட ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றும் எழுதி வைத்தேன், உன் அம்மா அதைப் படித்துவிட்டு ரிட்டையர் ஆகியும் இது விடாதா என்றாள்.

தூளிக்கு உன் பழைய வேட்டியும் கயிறும் பையில் வைத்து எடுத்துப்போனோம். வாசலில் பையைச் சோதித்தபோது புளிசாத டப்பாவை வெளிச்சாப்பாடு கூடாது என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். கயிற்றைத் தூக்கிப் பார்த்த பெண் "இது எதுக்குங்க ஐயா, மாடு கீடு ஓட்டியாந்திருக்கீங்களா" என்று கேட்டது. குழந்தைக்கு என்றேன், அது இன்னும் பயந்துபோனது. பூவிழிதான் விளக்கிச் சொல்லி மீட்டாள். உள்ளே தண்ணீரில் இறங்க நைலான் சட்டையும் கால்சட்டையும் போட வேண்டுமாம், உன் அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டாள். நான் போட்டுக்கொண்டேன், நிறைமதியோடு அலைக்குளத்தில் நின்றேன், போட்டோ இருக்கிறது, யாருக்கும் காட்டாதே. கத்திரி வெயிலில் ஒரு மணிக்கெல்லாம் கவின் கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். குளத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருந்தது, நல்ல தாழ்ந்த கிளை, அதில் கட்டினேன். கட்டி முடிக்கவில்லை, செக்யூரிட்டி வந்துவிட்டார். மரத்தில் எதுவும் கட்டக் கூடாது சார் என்றார். எட்டிப் பார்த்தார், பிள்ளை அழுத அழுகையையும் பார்த்தார், சூப்பர்வைசர் மூன்றரைக்கு ரவுண்டு வருவார் அதற்குள் அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். கவின் அழுது அழுது இரண்டேகாலுக்குத்தான் தூங்கினான், முகத்தில் தண்ணீர்கூடக் காயவில்லை.

அப்போது தூளிக்கு என் ஷிப்ட். பூவிழிக்கு ஓய்வு நேரம், பெரிய ராட்டினத்துக்குப் போய் வா என்று சொன்னேன். காலையிலிருந்து அவள் எதிலும் ஏறவில்லை, ஒரு பிள்ளைக்கு ஊட்டுவாள் இன்னொன்றுக்குத் துவட்டுவாள், அந்த ராட்டினத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை அண்ணாந்து பார்த்தாள். போகவில்லை. அவங்க கால் வரும் மாமா, மேல போயிட்டா டவர் கெடைக்காது என்று சொல்லிப் போனைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மாதான் நிறைமதியைக் கூட்டிக்கொண்டு குட்டி ரயிலுக்குப் போனாள். சரியாக இரண்டரைக்கு நீ போனில் வந்தாய். அங்கே மணி பன்னிரண்டு, உன் சாப்பாட்டு நேரம், தட்டைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய், அதை நானும் பார்த்தேன். பிள்ளையைக் காட்டு என்றாய், அவள் தூளியைக் காட்டினாள். தூளியில் என்ன தெரியும், வேட்டிதான் தெரியும். "துணி மூட்டையத்தான் காட்டுற, தெனமும் இதத்தான் காட்டுற, எழுப்பு, ரெண்டு நிமிஷம் மூஞ்சியப் பாத்துட்டு விட்டுடுறேன்" என்று கத்தினாய். அவள் தயங்கினாள், பிறகு துணியை விலக்கக் கையைக் கொண்டுபோனாள். நான் போனை வாங்கிக் கட் பண்ணிவிட்டேன். நீ மறுபடி மூன்று முறை அடித்தாய், போன் என் மடியிலேயே கிடந்தது, நான் எடுக்கவில்லை, அவளிடமும் கொடுக்கவில்லை. உன் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

குழந்தையின் நன்மைக்காகச் செய்தேன் என்று எழுதலாம், பாதி அது உண்மை. மீதிப் பாதி வேறு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குச் சூளை எரியும் கில்ன் செக்ஷனில் மூன்று ஷிப்ட், நைட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவேன், வீட்டில் பாத்திரம்கூடச் சத்தமில்லாமல்தான் வைக்க வேண்டும். நாலு வயதில் ஒருநாள் நீ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாய். உள்ளே இருக்கிறேனா என்று பார்த்தாயாம், பிறகு உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நான் அடித்துவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. தூங்குகிற ஆளை எழுப்பக் கூடாது என்பது அந்த வயதிலிருந்து நம் வீட்டில் சட்டம், அதை நான்தான் போட்டேன், ஆறாம் தேதி உன் மேலேயே மறுபடியும் போட்டுவிட்டேன். நீ முகத்தைப் பார்க்கக் கேட்டது தப்பே இல்லை. வேலை முடிந்து நீ கூப்பிடும்போது இங்கே எட்டரை, அப்போதும் அவன் தூங்கியிருப்பான், உனக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் முழித்த முகம் உனக்குக் கிடைக்கிறது. இது யார் செய்த தப்பும் இல்லை, இரண்டரை மணி நேர வித்தியாசம். கட் பண்ணியது மட்டும் தப்பு, அது என் தப்பு. மன்னித்துக்கொள் என்று எழுதிப் பழக்கமில்லை, எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியாது. மூன்று இருபதுக்குக் கவின் சிரித்துக்கொண்டு எழுந்தான், சூப்பர்வைசர் வருவதற்குள் தூளியை அவிழ்த்துவிட்டேன். கணுக்கால் அளவு தண்ணீர் இருக்கும் குட்டிக் குளத்தில் பூவிழி அவனை நிறுத்தினாள். அதுவரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான் என்று உனக்கே தெரியும். அவள் கையை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தான், ஐந்தாவதில் தண்ணீரில் உட்கார்ந்தான். முதல் நடை அது. நிறைமதி வீடியோ எடுத்தாள், முதலில் கொஞ்சம் வானம் தெரியும், பிறகு சரியாக இருக்கும். பூவிழி அதை அன்றைக்கே உனக்கு அனுப்பினாள், இன்னும் நீ திறக்கவில்லை, இரண்டு டிக்கும் சாம்பல் நிறத்திலேயே இருப்பதாக உன் அம்மா சொல்கிறாள். கோபத்தில் நீ திறக்காமல் வைத்திருப்பது பூவிழியை இல்லை, உன் பையனின் முதல் நடையை.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. முந்திரி இந்த வருஷம் சுமார்தான், பூ எடுத்த நேரத்தில் பனி அதிகம். வறுத்து உடைத்த பருப்பு ஒரு கிலோ சாகுலிடம் கொடுத்து விடுகிறேன், அவருக்கும் கொஞ்சம் தனியாகக் கொடுக்கிறேன், உன் பொட்டலத்தைப் பிரித்து அறைக்காரர்களுக்கும் கொடு. உன் அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, மாதம் ஒருமுறை அரியலூர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போய் வருவதும் பூவிழிதான். முந்திரிக் கொல்லையைப் பார்க்கப் போவதும், நிறைமதிக்கு ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அலைவதும் அவள்தான். பிளாண்ட்டில் ரிலீவர் வரவில்லை என்றால் இன்னொரு ஷிப்டும் நாமே பார்க்க வேண்டும், டபுள் டூட்டி. நான் தொடர்ந்து பார்த்தது அதிகபட்சம் இரண்டு நாள், மூன்றாம் நாள் யாரிடமாவது சண்டை போட்டுவிடுவேன். அவள் இருபது மாதமாகப் பார்க்கிறாள், போதாததற்கு என் தப்பையும் சேர்த்துச் சுமக்கிறாள். நீ பேசாமல் இருக்கும் இந்தப் பதினொரு நாளும் தினம் இரண்டரைக்கு போனைத் துடைத்து மேசைமேல் வைக்கிறாள், மூன்றுக்கு எடுத்துச் சார்ஜில் போடுகிறாள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், தண்ணீர் குடிக்க மறக்காதே, லீவு ரத்துக்காக மேனேஜரிடம் முறைத்துக்கொள்ளாதே, அடுத்த பட்டியலில் பேர் வரும். நம் குலதெய்வம் உனக்குத் துணை இருக்கும், உன் அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம், நீயும் பூவிழியும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் காலம் சீக்கிரம் வரட்டும்.

ஒரு நினைவூட்டல். அந்த வீடியோவை முதலில் திற. பிறகு கடிதம் கைக்கு வந்த மறுநாள் உன் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு, இங்கே இரண்டரை. கவின் தூங்கிக்கொண்டிருப்பான், அவன் முகம் கிடைக்காது, அவனைப் பார்க்க அந்த நேரத்தில் கூப்பிடவும் வேண்டாம். பூவிழிக்கு ஒரு நாளில் கை சும்மா இருப்பது அந்த நேரம்தான், அவளைப் பார். தூளிக்கு நான் ரிலீவர் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெ. கொளஞ்சியப்பன்